தறிக்குழியில் தொடங்க வேண்டிய ஆராய்ச்சி

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள், அத்திகிரி என்று பெயர் பெற்ற சந்நிதிக்கு ஏறுவதற்கு 24 படிகள் உண்டென்பதையும், அவை காயத்திரி மந்திரத்தின் 24 அட்சரங்களுக்கு அடையாளம் என்று பெரியோர் சொல்வதையும் அறிவார்கள். எங்கள் தெருவில் நாற்பது வருஷங்களுக்கு மேலாகக் குழித்தறியில் பட்டு நெய்துவரும் பெரியவர் ஒருவருக்கு அந்தப் படிகள் இப்போது வேறொரு கணக்கையும் சொல்லத் தொடங்கியிருக்கின்றன. பேச்சு அறாமலே மேலே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தவர், இந்நாட்களில் பதினைந்தாம் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். சர்க்கரை வியாதி வந்து எட்டு வருஷம் ஆகிறது. இரத்த அழுத்தமும் கூடவே சேர்ந்துகொண்டது. வைத்தியர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் அரை மணி நேரம் நடக்கும்படி சொல்லி அனுப்பினாராம். "பொழுது விடிஞ்சதுலேருந்து பொழுது போற வரைக்கும் மிதிய மிதிக்கிற காலுங்கய்யா இது. இதுக்கு மேல எங்க போய் நடக்கிறது?" என்று என்னைக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்ட சாஸ்திரம் ஒன்று உண்டு. உழைக்கும்போதும் ஓடும்போதும் ஓய்ந்திருக்கும்போதும் இருதயமும் தசையும் சுவாசமும் என்ன செய்கின்றன என்று அளந்து, நாட்பட்ட வியாதிகளுக்குத் தேகப்பயிற்சியை எந்த அளவில் மருந்தாகத் தரலாம் என்று ஆராயும் உடற்பயிற்சி உடலியங்கியலே அது. இந்தத் துறையில் ஒரு கேள்வியை வாலிபத்தில் எடுத்துக்கொண்டு, தலை நரைத்த பிறகும் அதை விடாமல் தொடர்ந்தவர்களின் கல்வி வாழ்க்கையைப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் மரியாதையோடு ஒரு குறையும் மனத்தில் தங்குகிறது: நம் நெசவாளரின் காலை அளந்து பார்க்க இதுவரை யார் முன்வந்தார்?

துறையின் பூர்வ கதையே உழைப்பாளிகளின் கதைதான். லண்டனைச் சேர்ந்த ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர், அந்நகரத்துப் போக்குவரத்துத் தொழிலாளர் சுமார் 31,000 பேரின் நோய்க் கணக்கைத் திரட்டி, நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கும் பேருந்து ஓட்டுநரைவிட, ஈரடுக்குப் பேருந்தில் ஏறியும் இறங்கியும் சீட்டுக் கொடுக்கும் நடத்துநருக்கு மாரடைப்பு குறைவாகவே வருகிறது என்பதை 1953-ல் 'லான்செட்' இதழில் எழுதினார். நடத்துநர் ஒருவர் ஒரு நாளில் ஏறிய படிகள் 500 முதல் 750 வரை. நம் வரதரை ஒரே நாளில் இருபது முப்பது முறை ஏறிச் சேவிப்பதற்கு அது சமானம். 1910-ல் பிறந்து 99-ம் வயதில் மறைந்த மோரிஸ், அந்த ஒரே கேள்வியைத் தபால்காரர், குமாஸ்தா என்று மேலும் மேலும் கொண்டுபோய், ஆயுள் முழுவதும் அதற்கே உழைத்தார்.

நம் தேசத்திலும் அப்படி ஓர் ஆரம்பம் நிகழ்ந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஹூக்ளி நதிக்கரையில் செங்கைல் என்ற ஊரின் சணல் ஆலையில் 213 தொழிலாளரை ஆராய்ந்து, ழான் மேயர் என்ற அறிஞரும் அவரோடு உழைத்த வங்காளிகள் இருவரும் 1956-ல் வெளியிட்ட கட்டுரை, இன்றும் உலகமெங்கும் பாடமாக இருக்கிறது. உழைப்பு கூடக் கூடச் சாப்பாடும் கூடுகிறது, எடையோ ஏறுவதில்லை. ஆனால் கடையில் உட்கார்ந்திருப்பவரும் மேற்பார்வையாளரும், உழைப்பு மிகக் குறைந்திருந்தும், சாப்பாட்டைக் குறைக்காமல் பருத்துப்போகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். ஓர் இந்திய ஆலையின் வாசலில் பிறந்த அறிவு அது. வாசலைத் தாண்டித் தறிக்குழிவரை அது வந்துசேரவில்லை.

சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆராய்ச்சி, இத்துறைக்குத் தமிழ்நாடு அளித்த பெரும் கொடை. சர்க்கரை வியாதியின் விளிம்பில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கி, சிலருக்கு உணவிலும் நடையிலும் புத்திமதி, சிலருக்கு மெட்பார்மின் மாத்திரை, சிலருக்கு இரண்டும் என்று அளித்துப் பார்த்ததில், சாதாரணமாக விடப்பட்டவர்களில் மூன்று வருஷத்துக்குள் 55 சதவீதத்தினர் நோயாளிகளாக, நடையையும் உணவையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. மாத்திரையும் ஏறத்தாழ அதே பலனைத்தான் தந்தது. இரண்டையும் சேர்த்தும் அதிக லாபம் இல்லை. உடம்பின் எடை குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது என்பது, மெலிந்த உடம்போடும் நீரிழிவுக்கு ஆளாகிற நம்மவருக்கு மிகவும் முக்கியமான செய்தி. தசை சுருங்கும்போது, இன்சுலினின் அனுமதிக்குக் காத்திராமலே, இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்ளும் வாயில்கள் தசையில் திறக்கின்றன; பெரிய தசைகள் வேகத்தோடு இயங்க இயங்க அவை மிகுதியாகத் திறக்கின்றன.

2006-ல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில் ஓரிடத்தில் நான் நீண்ட நேரம் நின்றுவிட்டேன். ஏற்கெனவே சரீர உழைப்பில் இருப்பவர்களுக்கும், நாளுக்கு அரை மணிக்கு மேல் நடப்பவர், சைக்கிள் மிதிப்பவர்களுக்கும், செய்துவருவதையே தொடரும்படி சொல்லப்பட்டது. அன்றைய ஞானத்தின்படி அது நியாயமே. ஆனால் உழைப்பும் பயிற்சியும் ஒன்றுதானா என்ற கேள்வியை, டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மான் முதலியோர் அதற்குப் பிறகு வெகு தீவிரமாக எழுப்பியிருக்கிறார்கள். கோபன்ஹேகன் பிரதேசத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு, ஓய்வு நேரத்து இயக்கம் ஆயுளை வளர்க்கையில், தொழிலில் உண்டாகும் கடும் உழைப்பு அதற்கு மாறான திசையில் நிற்கிறது என்பதாகும். ஒரே நிலையில் மணிக்கணக்காக இருப்பதும், இருதயத்தை வலுப்படுத்தப் போதாத மந்த வேகத்தில் நாளெல்லாம் அசைவதும், இளைப்பாற இடைவெளி இல்லாமையும் அதற்குக் காரணங்களாக இருக்கக்கூடும் என்கிறார்கள்.

இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு முற்பகல் முழுவதும் பெரியவரின் தறியருகே உட்கார்ந்திருந்தேன். குழியின் விளிம்பில் அவர் அமர்ந்திருக்கிறார். பாதங்கள் குழிக்குள்ளே மிதிகட்டைகளை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. அந்த அசைவு முழங்காலுக்குக் கீழே முடிந்துவிடுகிறது, தொடையின் பெருந்தசைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. முதுகு அச்சுப்பலகையை நோக்கி வளைந்தபடியே நிற்கிறது. கோர்வைக் கரையில் இழை சேரும் இடத்தைக் கண் விட்டகலாமையால் கழுத்தும் அசைவதில்லை. நாடாவைத் தள்ளும் கையில் மட்டும் ஓயாத வேலை. மாலையில் அவர் எழுந்திருக்கும்போது உடம்பு முழுவதும் நொந்திருக்கிறது. ஆனாலும் இருதயத்துக்கு வேண்டிய பயிற்சி கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. இது பார்த்தவனுடைய ஊகம். சுவாசத்தை அளக்கும் முகமூடியையும் நாடித்துடிப்புக் கருவியையும் தறியில் இருக்கும்போதே அவருக்கு அணிவித்து, பத்துப் பேரை, நூறு பேரை அளந்து சொன்னால்தான் அது அறிவாகும்.

அதற்குரியவர்கள் நம்மிடம் இல்லாமல் போகவில்லை. ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவிய காலந்தொட்டு இந்தச் சாஸ்திரத்தின் விதை இங்கே இருக்கிறது. மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் 2005 முதல் நடக்கிறது. ஆனால் மைதானத்தின் ஓரத்தில் வளர்ந்த துறையாகையால், ஓட்டக்காரனின் வேகத்துக்கு அது செய்திருக்கும் சேவையில் சிறு பங்குகூட நோயாளிக்குச் செய்யவில்லை என்பதே என் அபிப்பிராயம். மருத்துவக் கல்லூரியில் இந்த ஆராய்ச்சியாளருக்கு நிலையான ஆசனம் வேண்டும். இரண்டு வருஷத்தில் கட்டுரை எத்தனை என்று கேட்கும் அவசரத்திலிருந்து அவருக்கு விடுதலையும் வேண்டும்.

பொறுமைக்கு என்ன பலன் என்பதற்குக் கனடாவின் கெரி கோர்னேயா சாட்சி. புற்றுநோயாளிகளுக்குத் தேகப்பயிற்சி என்ற ஒரே விஷயத்தில் தம் பேராசிரிய வாழ்க்கையைச் செலுத்திய அவரும் புற்றுநோய் மருத்துவர் கிறிஸ்டோபர் பூத்தும் நடத்திய ஆராய்ச்சிக்கு, 889 நோயாளிகளைச் சேர்ப்பதற்கே 2009-லிருந்து ஏறத்தாழ பதினைந்து வருஷங்கள் சென்றன. பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவர்களில் ஒரு பாதியினருக்கு ஆரோக்கியம் பற்றிய அச்சுப் பிரசுரங்கள் மட்டும் தரப்பட்டன. மறு பாதியினருக்கு, மூன்று வருஷம் கூடவே இருந்து பயிற்சியை நடத்திவைக்க ஓர் ஆசிரியரும் தரப்பட்டார். 2025-ல் வெளிவந்த முடிவின்படி எட்டு வருஷத்துக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் முந்தியவர்களில் 83 சதவீதம், பிந்தியவர்களில் 90 சதவீதம். "நடங்க" என்று சொல்லி அனுப்புவதற்கும் ஒருவர் கூட நடப்பதற்கும் உள்ள தூரம் இந்த ஏழு சதவீதத்தில் தெரிகிறது. இதே சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் குடியில் பிறந்த அண்ணா புற்றுநோயால் மறைந்த 1969-லேயே காரப்பேட்டையில் அவர் பெயரால் ஒரு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது; அங்கே சிகிச்சை முடிந்து திரும்புகிறவர்களுக்கு அத்தகைய ஆசிரியர் ஒருவர் கிடைக்கும் நாளை நான் மிகவும் விரும்புகிறேன்.

நம்மிடம் வழியும் திறந்தே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் பெண் தன்னார்வலர் கையால் வீட்டு வாசலுக்கே வருகின்றன. பெரியவர் வீட்டுக்கும் ஓர் அம்மாள் வருகிறாள், விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்கிறாள். அந்தப் பையோடு, குழியில் உட்காரும் காலுக்கென்றே வகுத்த பயிற்சி ஒன்றையும் அனுப்பலாம். அதை வகுப்பதற்குத்தான் ஆராய்ச்சி.

தறியருகே இருந்த அந்த முற்பகலில் பெரியவர் ஒரு காலண்டரைக் காட்டினார். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்துகொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் வேகமாகப் போய்வரும் நாட்களின் கட்டங்களில் 'பா' என்று எழுதியிருந்தார். அம்மாள் பார்த்துச் சொன்ன சர்க்கரை அளவையும் அந்தந்தத் தேதியில் குறித்திருந்தார். "பாவு போட்ட வாரம் கொறையுதுங்கய்யா. நெசவு வாரம் ஏறுது. எனக்கென்னமோ அப்படித் தோணுது" என்றார். ஒரு மனிதர், சில எண்கள். மோரிஸும் இப்படி ஓர் ஐயத்திலிருந்துதான் புறப்பட்டார். சென்ற வருஷத்துக் காலண்டரையும் பெரியவர் எறிந்துவிடவில்லை. இரண்டும் தறிக்குழிக்கு மேலே ஒரே ஆணியில் தொங்குகின்றன.