செய்தவர் யார் என்று இலாகா சொல்லட்டும்

தோழர்களே, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் முகவுரையைப் படித்துப் பாருங்கள். காட்டில் வாழும் பழங்குடியினருக்கு வரலாற்று அநீதி நேர்ந்தது என்று பார்லிமெண்டே அதில் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அநீதி செய்த இலாகா எது என்று ஒரு சொல் கிடையாது. ஆபீசில் பைல் எழுதும் நமக்கு இந்த வித்தை புதிதல்ல.

நம்மில் பலருடைய பூர்வீகம் வட ஆற்காடும் தருமபுரியும்தான். ஆகவே அரூர் தாலுகா வாச்சாத்தி நமக்கு அயலூர் இல்லை. அங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்காரர் என்று எண்ண வேண்டாம். மலைக்காரர்கள், தமிழ் பேசுகிறவர்கள். 1992 ஜூன் 20-இல் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வன இலாகாவினர் 155 பேர், போலீசார் 108 பேர், ரெவின்யூ இலாகாவினர் 6 பேர் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். ஊராரைத் திருடர் என்று சொல்லிச் சிறைக்கும் அனுப்பினார்கள்.

கம்யூனிஸ்ட்காரர்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் நின்றதால்தான் சி.பி.ஐ. விசாரணை வந்தது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி கோர்ட், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. மற்ற 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29-இல் மெட்ராஸ் ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம்! அந்தப் பெண்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடு, அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீது நடவடிக்கை எடு என்றும் உத்தரவிட்டது.

"நம் பிள்ளைகளும் கார்டு, கான்ஸ்டபிள் வேலையில் இருக்கிறார்களே, மேலே சொன்னதைச் செய்தவனைத் தண்டிப்பதா?" என்று கேட்கிற அண்ணன்மார் உண்டு. பெண்ணின் மேல் கை வைப்பதும் டியூட்டியா, அண்ணே? அப்படிப்பட்ட உத்தரவை மறுக்கிற பிள்ளைக்குச் சங்கம் துணை நிற்க வேண்டும். உத்தரவிட்டவனும் கூண்டில் ஏற வேண்டும்.

கனடாவில் 2008 ஜூன் 11-இல் பிரதம மந்திரி பார்லிமெண்டில் எழுந்து, பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவைத்த விடுதிப் பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்டார். அங்கேயும் நிலப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் செய்தது சர்க்கார்தான் என்று சர்க்காரே சொன்னது.

இங்கே காட்டு நிலத்துக்கு மனுப் போட்டால், அதைப் பரிசீலிக்கும் கமிட்டியில் வன அதிகாரியும் உட்கார்ந்திருக்கிறார். மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொல்லி 2019 பிப்ரவரி 13-இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவே போட்டது. இரண்டே வாரத்தில் அதை நிறுத்தி வைத்தது. பட்டா இல்லாத லைன் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த நமக்கு அந்த இரண்டு வாரம் எப்படிப் போயிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

வன இலாகாவின் பெரிய அதிகாரிகள் வாச்சாத்திக்குப் போகட்டும். ஊர் நடுவில் நின்று, "செய்தது எங்கள் இலாகா" என்று தமிழில் படித்துக் காட்டட்டும். நிலுவையிலுள்ள பட்டா மனுக்களையும் கையோடு எடுத்துப் போகட்டும். இதை நம் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள்.