சேர்ந்து வாசிக்கும் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளை யார்?



தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் முகநூல் நிறைந்துவிடும். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படங்கள், பெனர்கள், பாராட்டு விழாக்கள். சந்தோசமான விடயம்தான். ஆனால் அதே வகுப்பில், வினாத்தாளில் உள்ள கேள்வியைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்க முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. அந்தப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியும். கணக்கு என்ன கேட்கிறது என்று வாசிக்கத்தான் தெரியாது.

அந்தப் பிள்ளை தரம் 5 இல் பின்தங்கவில்லை. தரம் 1 இலும் 2 இலும் பின்தங்கியது. அப்போது அது யாருடைய கண்ணிலும் படவில்லை.

ஏன் படவில்லை? நமது வகுப்பறைகளில் வாசிப்பு பெரும்பாலும் கூட்டாகவே நடக்கிறது. ஆசிரியர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். எட்டுப் பத்துப் பேர் உரத்து வாசித்து முன்னால் இழுத்துப் போவார்கள். மற்றவர்கள் அந்தச் சத்தத்தின் பின்னால் வாயசைத்துக்கொண்டு போவார்கள். வெளியே நின்று கேட்டால் முழு வகுப்புமே அழகாக வாசிப்பது போலத்தான் இருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். பிள்ளை தரம் 1 தமிழ்ப் புத்தகத்தைக் கடகடவென்று சொல்லும். உம்மாவுக்கு மனம் குளிரும். ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். படத்தைக் கையால் மறைத்துவிட்டு, பக்கத்தின் நடுவில் உள்ள ஒரு சொல்லை மட்டும் விரலால் காட்டிக் கேளுங்கள். பிள்ளை முதல் வரியில் இருந்து தொடங்கி அந்தச் சொல் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தால், அது வாசிக்கவில்லை. மனனம் செய்து வைத்திருக்கிறது. அதற்காகப் பிள்ளையை ஏசாதீர்கள். அவ்வளவையும் மனதில் வைத்திருக்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. வாசிப்பைத்தான் இன்னும் அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பின்னேரங்களில் நம் பிள்ளைகள் போகும் குர்ஆன் மத்ரஸாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அங்கே முப்பது பிள்ளைகள் இருந்தாலும் முப்பது பேருக்கும் தனித்தனிப் பாடம். ஒருவர் அலிஃப், பாவில் இருப்பார். இன்னொருவர் எழுத்துக் கூட்டுவார். வேறொருவர் அம்ம ஜுஸ்உ ஓதுவார். பிள்ளை மௌலவிக்கு முன்னால் வந்து அமர்ந்து, தன் விரலை எழுத்தில் வைத்து ஓதிக் காட்ட வேண்டும். சரியென்றால் அடுத்த பாடம். பிழையென்றால் நாளைக்கும் அதே பாடம். தெரியாத பிள்ளை அங்கே ஒளிந்துகொள்ள முடியாது.

அர்த்தம் விளங்காத ஒரு மொழியின் எழுத்தையே நம் பிள்ளைகள் இந்த முறையில் பிழையில்லாமல் ஓதப் பழகுகிறார்கள் என்றால், தாங்கள் பேசுகிற மொழியை வாசிக்க ஏன் முடியாது? அங்கே ஒவ்வொரு பிள்ளையையும் ஒருவர் தனியாகக் கேட்கிறார். பாடசாலையிலும் வீட்டிலும் குறைவது இதுதான் என்பது நமது கருத்து.

“35 பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனித்தனியாகக் கேட்க நேரம் எங்கே?” என்று ஆசிரியர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கணக்குப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 7 பிள்ளைகள், ஆளுக்கு 3 நிமிடம். மொத்தம் 21 நிமிடம். திங்கள் முதல் வெள்ளி வரை 35 பிள்ளைகளும் முடிந்துவிடுவார்கள். மற்றவர்கள் எழுதும்போதோ படம் வரையும்போதோ இதைச் செய்யலாம். ஒரு கொப்பியில் பெயருக்கு நேரே எந்த எழுத்தில், எந்தச் சொல்லில் தடக்குகிறது என்று குறித்து வைத்தால் போதும். ஒரு மாதத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று கையில் இருக்கும்.

கேட்கும்போது எதைக் கவனிப்பது?

முதலாவது, எழுத்து. தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்தத் தேவையில்லை. அதில் 216 உயிர்மெய். மெய்யும் உயிர்க்குறியும் பிடிபட்டால் பெரும்பாலானவை தானாகக் கூடிவரும். எல்லாவற்றையும் வரிசையாகப் பாடமாக்கிய பிள்ளைக்கும் “கெ”, “கே”, “கொ” என்று வந்தால் தடுமாற்றம் வரும். காரணம் இருக்கிறது. கொம்பு முன்னால் எழுதப்படுகிறது; அதன் ஓசையோ பின்னால் வருகிறது. கண் இடப்பக்கத்தில் இருந்து போகும்போது முதலில் படுவது கொம்பு. இதைப் பிள்ளைக்குத் தனியாகக் காட்டிக் கொடுக்க வேண்டும். “கௌ” என்பதில் இருக்கும் “ள” போன்ற குறியும் அப்படித்தான். பிழையாக வாசிக்கும் பிள்ளை மந்தமான பிள்ளை அல்ல. கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வாசிக்கிறது.

இரண்டாவது, சொல். நம் வீட்டில் “ஆணம்” என்போம், புத்தகத்தில் “கறி” இருக்கும். வீட்டில் “உம்மா”, புத்தகத்தில் “அம்மா”. வீட்டில் “ஏலாது”, புத்தகத்தில் “இயலாது”. எழுத்துக்கூட்டி முடித்த பிறகும் அந்தச் சொல் பிள்ளையின் காதுக்குப் பழக்கமில்லாமல் இருந்தால், வாசித்தது சரியா என்று பிள்ளைக்கே தெரியாது. இதற்கு மருந்து, புத்தகத்தை நாம் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவது. எழுத்துப் பழகுவதற்கு முன்பிருந்தே, முன்பள்ளி வயதிலேயே. வீட்டுப் பேச்சைத் திருத்தி வெட்கப்படுத்தாதீர்கள். “நாங்க ஆணம் என்கிறோமே, இதுதான் அது” என்று சொன்னால் போதும்.

மூன்றாவது, விளக்கம். வாசித்து முடிந்ததும் ஒரேயொரு கேள்வி. “முயல் ஏன் ஓடியது?” பதில் வந்தால்தான் அது வாசிப்பு. தமிழ் வாசிப்பு மத்ரஸாப் பாடத்தைவிட ஒரு படி மேலே போக வேண்டிய இடம் இதுதான்.

“எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாதே” என்று சில தாய்மார் சொல்வார்கள். உம்மா வெளிநாட்டில், பிள்ளை மூத்தம்மாவோடு என்று எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. சொல்லிக் கொடுக்கத் தெரியத் தேவையில்லை. மஃரிபுக்குப் பிறகு பத்து நிமிடம் போனை வைத்துவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, “எனக்கு வாசித்துக் காட்டு” என்று சொன்னால் போதும். மூத்தம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாவிட்டாலும் கேட்கத் தெரியும். “பொறகு என்ன நடந்த?” என்று அவர் கேட்பதற்காகவே பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்டும். இரவில் அவர் சொல்லும் கதைகளும் வாசிப்புக்கான முதல்தான். வெளிநாட்டில் இருக்கும் உம்மா வீடியோ அழைப்பில் பேசும்போதும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

புத்தகத்தைக் கண்ணுக்கு மிக அருகில் பிடிக்கிற பிள்ளையை ஒரு முறை கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். “சோம்பேறி” என்று பெயர் வைப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

2020, 2021 இல் கொரோனாவால் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2022 இல் எரிபொருள் நெருக்கடியால் மீண்டும் மூடப்பட்டன. அந்த வருடங்களில் எழுத்துப் பழக வேண்டியிருந்த பிள்ளைகள் இப்போது மேல் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களையும் ஒரு முறை தனியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லோருக்கும் முன்னால் வேண்டாம். வளர்ந்த பிள்ளைக்கு வெட்கம் அதிகம்.

ஒவ்வொரு ஒக்டோபரிலும் தேசிய வாசிப்பு மாதம் கொண்டாடுகிறோம். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி எல்லாம் நடக்கும். பரிசு வாங்குவது ஏற்கனவே வாசிக்கத் தெரிந்த பிள்ளை. இந்த முறை பூட்டிக் கிடக்கும் நூலக அலுமாரியைத் திறப்போம். புத்தகம் கிழிந்தால் ஒட்டலாம். கிழியாமல் அலுமாரியில் இருக்கும் புத்தகத்தால் எந்தப் பிள்ளைக்கும் பயனில்லை.

அதிபர்மாரிடமும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினரிடமும், பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும் நாம் கேட்பது ஒன்றுதான். தரம் 5 இல் சித்தியடைந்தவர்களை எண்ணுவதற்கு முன், தரம் 2 முடிவில் தனியாக ஒரு பக்கம் வாசித்து விளங்கிக்கொள்ளும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நமது ஊரின் கல்வி நிலைமையை அந்த எண்ணிக்கை சொல்லும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையை இன்றிரவே தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எந்த எழுத்தில் தடக்குகிறது என்று கொமென்டில் எழுதுங்கள். சேர்ந்து பார்ப்போம்.