அமைதி வேணும்னா நஞ்சையில மண்ணடிக்கணுமா?

"ரெண்டு நாள் கிராமத்துல அமைதியா தங்கிட்டுப் போங்க"ன்னு போர்டு வைக்கிற பழக்கம் நம்ம பக்கமும் வந்துடுச்சு. வயலுக்கு நடுவுல ஒரு காட்டேஜ், திண்ணை, கயித்துக் கட்டில், வாசல்ல ஒரு மாட்டு வண்டிச் சக்கரம். சக்கரம் மட்டும்தான். வண்டியும் இல்ல, மாடும் இல்ல.

வர்றவங்களை நான் குறை சொல்லல, தாராளமா வரட்டும். காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள் பிறந்த ஊர். ஆதித்த கரிகாலனைக் கொன்னவங்க சொத்தைப் பறிமுதல் பண்ணின விவரம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டுல இருக்கு, ராஜராஜனோட 2-ஆம் ஆட்சியாண்டுல வெட்டினது. மேலக்கடம்பூர்ல தேர் மாதிரியே கோயில். 'பொன்னியின் செல்வன்' கதையே ஆடிப்பெருக்கு அன்னிக்கு வீராணம் ஏரிக்கரையிலதான் ஆரம்பிக்குது. 2004லேர்ந்து சென்னைக்காரங்க குடிக்கிறதும் அந்த ஏரித் தண்ணிதான், அதனால ஒருவகையில சொந்தக்காரங்கதான்.

என் சண்டை அந்த "அமைதி"யோட. தை மாசம் சம்பா அறுப்புல மெஷின் ராத்திரி பகல் பார்க்காம ஓடும். கொள்முதல் நிலையத்துல நெல்லைக் குவிச்சுட்டு, மேகத்தைப் பார்த்துக்கிட்டே தார்ப்பாயோட படுத்துக் கிடப்போம். போன வருஷம் அப்படித் தங்க வந்த ஒருத்தர், தூக்கம் வரல, மெஷினைக் காலையில ஓட்டக்கூடாதான்னு ஆள் விட்டுக் கேட்டாரு. விடியறதுக்குள்ள மழை பிடிச்சா சாய்ஞ்ச கதிர்லயே நெல் முளைக்கும் சார், அதுக்கு யார் பதில் சொல்றது?

சத்தத்தையாவது பேசித் தீர்த்துக்கலாம். மண்ணடிக்கிறதுதான் எனக்குப் பொறுக்கல. காட்டேஜுக்காக ஒருத்தர் அரை ஏக்கர் நஞ்சையை மேடாக்கி வாய்க்காலைத் தூர்த்துட்டா, கீழ்மடையில நாலு பேருக்குத் தண்ணி ஏறாது. ஐப்பசி கார்த்திகையில மேல வயல்காரனுக்குத் தண்ணி வடியாது, பயிர் அழுகும். 2020ல வந்த வேளாண் மண்டலச் சட்டத்துல நம்ம ஒன்றியமும் இருக்கு. எண்ணெய், எரிவாயு, உருக்காலை, தோல் தொழிற்சாலைன்னு தடை போட்டிருக்காங்க, சந்தோஷம். ஆனா காட்டேஜ் அந்தப் பட்டியல்ல கெடையாது. கேட்டா "டூரிசம் வளர்ச்சி"ங்கிறாங்க. சோறு போடுற மண்ணை மேடாக்கிட்டு, வர்றவனுக்கு எந்த வயலைக் காட்டப் போறாங்க?

புள்ளைங்க வெளியூர் போயி பூட்டிக் கிடக்கிற ஓட்டு வீடு தெருவுக்கு ரெண்டு மூணு இருக்கு. ஓட்டை மாத்தி, கக்கூஸ் கட்டி அதைத் தங்க விடுங்க. வாடகை வீட்டுக்காரருக்குப் போகட்டும், சமைச்சுப் போடுற கூலி தெருப் பொம்பளைங்களுக்கு வரட்டும். தைக்கு வர்றவங்க காதுக்குக் கொஞ்சம் பஞ்சு எடுத்துக்கிட்டு வாங்க.