வெறுமையாக ஓடும் தூரம்

வன்னியில் பாடசாலை பஸ் ஒன்றின் செலவைப் பிள்ளைகளின் தலையெண்ணி வகுத்தால், கணக்கு நட்டத்தில்தான் போய் நிற்கும். இலங்கையிலேயே மக்கள் நெருக்கம் மிகக் குறைந்த மாவட்டம் முல்லைத்தீவு. ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் ஒரு குடியிருப்புக்கும் அடுத்ததற்கும் இடையே காடும் வயலும் குளமும் கிடக்கின்றன. அங்கே ‘ஆளில்லை’ என்று ஒரு சேவையை நிறுத்துவது எளிது. ஆனால் நம் போக்குவரத்துத் துறையினர் முதலில் அளக்க வேண்டியது, யாரையும் ஏற்றாமல் பஸ் ஓடும் தூரத்தை.

டிப்போவும் பாடசாலையும் உள்ள நகரிலிருந்து 25 கிலோமீற்றரில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் பஸ் வெறுமையாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வருகிறது. பிற்பகல் 1.30க்குப் பாடசாலை விட்டதும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மறுபடி வெறுமையாகத் திரும்புகிறது. 100 கிலோமீற்றரில் 50 வீண். லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடினால் நாளுக்கு 12.5 லீற்றர் டீசல். 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபா விற்றபோது அது சுமார் 1,500 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 460 ஆனபோது 5,750 ரூபா.

பஸ் இரவில் கிராமத்திலேயே தங்கினால் இந்த 50 கிலோமீற்றரும் இல்லாமற்போகும். காலையில் பிள்ளைகளோடு வந்த பஸ், பிற்பகல்வரை நகரில் வழமையான சேவையில் ஓடலாம். பஸ்ஸை இரவில் கிராமத்தில் நிறுத்துவது நாட்டின் பல பகுதிகளில் பழகிய முறைதான். சாரதிக்கும் நடத்துநருக்கும் கதவு பூட்டிப் படுக்க ஓர் அறை, கழிப்பறை, விளக்குள்ள இடம் வேண்டும். பல ஊர்களில் பொதுநோக்கு மண்டபம் மாலையில் பூட்டித்தான் கிடக்கிறது. அதைத் திறந்துவிடப் பிரதேச சபையும் கிராம அபிவிருத்திச் சங்கமும் மனம் வைத்தால் போதும்.

அடுத்தது சீசன். பருவச்சீட்டுப் பிள்ளை ஏறினால் நடத்துநரின் அன்றைய வசூலில் ஒரு சதமும் கூடாது. கைநீட்டும் வெள்ளைச் சீருடைகளைத் தாண்டிப் பஸ் போய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சாரதி, நடத்துநரைத் திட்டி இது தீராது. ஏற்றிய மாணவர் தொகையை வசூலோடு சேர்த்து நாளாந்தப் பதிவில் எழுத வேண்டும். அவர்களின் வேலையை அதைக்கொண்டும் மதிப்பிட வேண்டும். மாணவர்களுக்கென ஓடும் ‘சிசு செரிய’ பஸ் சேவைகளுக்கும் இந்தப் பதிவு வேண்டும்.

ஒரே பஸ் இரண்டு பாடசாலைகளுக்கு ஓட, அவை தொடங்கும் நேரத்தை மாற்றலாம் என்ற யோசனையும் வருகிறது. 2017இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரம் கணினியால் இப்படித் திட்டமிட்டது; சிறு பிள்ளைகளுக்கு அதிகாலையில் வகுப்பு என்றதும் பெற்றோர் கொதித்தெழ, அந்த ஆண்டே கைவிட்டது. யானை நடமாடும் நம் வீதிகளில் விடியுமுன் பிள்ளைகளை நிறுத்தவே கூடாது. மாற்றுவதானால் ஒரு பாடசாலையை அரை மணி பிந்தித் தொடங்கலாம், அதுவும் பெற்றோரைக் கேட்ட பிறகு.

வலயக் கல்விப் பணிப்பாளர்கள், டிப்போ முகாமையாளர்கள், தனியார் பஸ் சங்கத்தினர் மூவரும் அடுத்த ஆண்டு நேரசூசியை எழுதுமுன் ஒரே மேசையில் அமர வேண்டும். ஒவ்வொரு பாதையிலும் வெறுமையாக ஓடும் தூரம் எவ்வளவு என்ற பட்டியலை டிப்போக்கள் அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவரட்டும்.