விலைக்கு வரும் வீடும் விலைபோகாத மொழியும்



பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் பேருந்தில் செல்வோர், ஒரு மாநிலத்தை விட்டு மற்றொரு மாநிலத்திற்குள் புகுந்ததை எவ்வாறு அறிகின்றனர்? இடையில் மலை குறுக்கிடவில்லை, ஆறும் குறுக்கிடவில்லை. கடைப்பலகைகளில் எழுத்து மாறுகிறது; அவ்வளவே. தென்னை அதே தென்னை. மரச்சீனி அதே மரச்சீனி. தேநீர்க் கடையில் நடக்கும் வாக்குவாதங்கூட அதே வாக்குவாதந்தான்.

அந்தச் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் எங்கள் பாட்டாவின் வீடு இருக்கிறது. 'இருக்கிறது' என்று இன்னும் சில திங்கள்தான் சொல்ல இயலும். வீடும் பதினான்கு சென்ட் நிலமும் விலைக்கு வந்துவிட்டன. பிள்ளைகள் ஐவர், பங்குகள் ஐந்து. ஒருவர் வளைகுடா நாட்டில், ஒருவர் திருவனந்தபுரத்தில், ஒருவர் மார்த்தாண்டத்தில். ஓடு மாற்ற ஆளில்லை. முற்றம் பெருக்க ஆளில்லை. விழிஞ்ஞம் துறைமுகம் 2025-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதிலிருந்து, எங்கள் பக்கத்துத் தரகர் பேச்சில் துறைமுகம் இடம்பெறாத நாளே இல்லை. 'இன்று விற்றால் இன்ன விலை. நாளை விற்றால் இரட்டிப்பு விலை' என்பது அவர்தம் மந்திரம்.

சென்ற விடுமுறையில் பத்திரங்களைத் தேடிப் பாட்டாவின் மரப்பெட்டியைத் திறந்தோம். இரண்டு கட்டுகள் கிடைத்தன. ஒன்று நிலத்தின் ஆதாரம், மலையாளத்தில் எழுதியது. மற்றொன்று பாட்டிக்கு அவருடைய தாய்வீடான விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள், தமிழில் எழுதியவை. மார்த்தாண்டத்தில் வளர்ந்த அத்தான் ஆதாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நமக்கு ஆகாது தம்பி, நீயே வாசி" என்றார். என் தம்பியோ கடிதக் கட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டான். வீட்டில் நாள்தோறும் தமிழ் பேசும் பிள்ளை அவன்! பாட்டி பேசிய மொழி அவன் காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அவனை நான் எப்படிக் குறை கூறுவேன்? மூன்றாண்டுகளுக்கு முன் இப்பல்கலைக்கழகத்தில் சேரும்வரை என் நிலையும் அதுவே.

ஒரே பெட்டி, ஒரே குடும்பம். ஒருவருக்கு வீட்டின் உரிமையைப் படிக்கத் தெரியவில்லை. மற்றவருக்கு வீட்டின் உள்ளத்தைப் படிக்கத் தெரியவில்லை. இந்த நிலை எப்படி வந்தது?

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்த அடுத்தடுத்த தாலுகாக்கள். இங்கே பெண் கொடுத்து அங்கே பெண் எடுப்பது இயல்பாக நடந்தது. மார்ஷல் நேசமணி முதலியோர் நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இயக்கம் தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கப் போராடியது. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. முடிவில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தாலுகா எல்லையாக இருந்த கோடு மாநில எல்லையாயிற்று. அந்தக் கோட்டை இனி அழித்து எழுத வேண்டும் என்று நான் கூற வரவில்லை. கோட்டுக்கு இப்பால் தங்கிவிட்ட வீடுகளின் கதி என்ன என்பதே என் கேள்வி.

எல்லை பிரிந்தாலும் வாழ்க்கை பிரிந்துவிடவில்லை. எங்கள் அடுக்களைக்கு வந்து பாருங்கள்! 'அடுக்களை' என்னும் சொல்லே இரு மொழிக்கும் பொதுச்சொத்து. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும், கஞ்சியும் பயறும், தீயலும் புளிசேரியும் எந்த மாநிலத்து உணவு என்று யார் தீர்ப்புக் கூறுவது? அவர்கள் 'தோரன்' என்பதை எங்கள் வீட்டில் 'துவரன்' என்போம், தேங்காய் ஒன்றே. ஓணத்திற்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் விடுமுறை விடுகிறார்கள். பொங்கலுக்குத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் விடுமுறை விடுகிறார்கள். அரசுகளே ஒப்புக்கொண்ட உறவு இது.

ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் செல்கின்றனர். வழியில் நெய்யாற்றின்கரையில் தங்குகின்றனர். எல்லையில் இரு மாநிலக் காவலரும் மரியாதை செய்கின்றனர். அந்தச் சரஸ்வதியைக் கம்பர் வழிபட்டதாகச் சொல்வது மரபு. அவள் சென்று அமரும் நவராத்திரி மண்டபத்தில் பெண்ணொருத்தி பாட நெடுங்காலம் இடமில்லாதிருந்தது. 2006-இல் அந்தத் தடையை உடைத்துப் பாடியவர் யார் தெரியுமா? 1924-இல் பிறந்த பாறசாலைப் பொன்னம்மாள். எங்கள் எல்லையூர்க் குரல்தான் அங்கே முதலில் ஒலித்தது!

நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேயே இருக்கும் பாலராமபுரத்தைப் பாருங்கள். பாலராம வர்மர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த சாலியர் அங்கே தறி பூட்டினர். அவர்கள் நெய்த துணி இன்று கேரளத்தின் பெருமை; 2009-இல் புவிசார் குறியீடும் பெற்றது. வந்தவர் மொழியும் நாட்டவர் உடையும் ஒரே தறியில் இணைந்திருக்கின்றன. ஆகவே, மலையாளத்தை வெறுத்துத்தான் தமிழைக் காக்க வேண்டும் என்று யாரேனும் கூறினால், அவர் எங்கள் ஊரைப் பார்க்காதவர் என்றே சொல்வேன்.

ஆனால், இவ்வளவு உறவும் வாய்மொழியில் மட்டும் நின்றால் எத்தனை தலைமுறைக்குத் தாங்கும்? பேச்சு வீட்டோடு வாழ்வது. வீடு விலைபோனால் பேச்சும் சிதறும். பாட்டி இருக்கும்வரை அடுக்களையில் தமிழ் இருந்தது. வீட்டை விற்று நகரத்து அடுக்குமாடியில் குடியேறியபின் தம்பி யாரிடம் 'துவரன்' என்பான்? எழுத்தறிந்தவனுக்கு வீடு போனாலும் மொழி துணை நிற்கும். எழுத்தறியாதவன் வீட்டோடு மொழியையும் கிரயம் செய்து கொடுத்துவிடுகிறான். அதற்கு விலைகூட வாங்குவதில்லை.

சட்டம் நம்மை மறக்கவில்லை. மாநிலங்கள் பிரிந்த அதே 1956-இல் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என்பது அது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்படும் இடங்களில் தமிழரும் கன்னடரும் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியிலேயே எழுத இடம் தருகிறது. ஏட்டில் உரிமை இருக்கிறது. எழுதக் கை வேண்டாமா? தமிழில் ஒரு விண்ணப்பம் எழுத அறியாதவனுக்குத் தமிழில் எழுதும் உரிமையால் ஆவதென்ன?

'வயிற்றுப்பாட்டுக்கு உதவாத எழுத்தைக் கற்று என்ன பயன்?' என்பர் சிலர். என் அத்தானின் நிலையே அவர்களுக்கு விடை. மலையாளம் அறியாததால் தமக்கும் பங்குள்ள சொத்தின் ஆதாரத்தை அவரால் படிக்க முடியவில்லை. தரகர் சொன்னதை நம்ப வேண்டியதாயிற்று. எல்லையில் வாழ்பவனுக்கு இரண்டு எழுத்தும் வேண்டும். ஒன்று இல்லாவிடில் ஏமாறுவான். மற்றொன்று இல்லாவிடில் தன்னையே இழப்பான். 'வீட்டை விற்காதே' என்று நான் கூறவில்லை. ஐந்து பங்கும் அவரவர் தேவையும் இருக்கும்போது அப்படிக் கூறுவது வெறும் உணர்ச்சிப் பேச்சாகும். விற்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள் என்றே கூறுகிறேன்.

நம் சங்கம் ஆண்டுதோறும் விழா எடுக்கிறது, சொற்பொழிவாளரை அழைக்கிறது, மாலை அணிவிக்கிறது. வேண்டாம் என்று கூறவில்லை. அதோடு இதையும் செய்யலாமே! விடுமுறையில் இருவர் இருவராக எல்லையூர்களுக்குச் செல்வோம். விற்பனைக்கு நிற்கும் வீடுகளில் கிடக்கும் கடிதங்களையும், கணக்குகளையும், வில்லுப்பாட்டு ஏடுகளையும் வீட்டார் இசைவோடு படியெடுப்போம். ஞாயிறுதோறும் ஒரு திண்ணையில் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்போம். தமிழ் அறியாதவருக்குத் தமிழ். மலையாளம் அறியாதவருக்கு மலையாளம். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. பேருந்துக் கட்டணம் போதும்.

என் தம்பிக்கு இந்த விடுமுறையிலேயே தொடங்கிவிட்டேன். பாட்டியின் கடிதங்களே பாடநூல். முதற் கடிதத்தின் முதல் வரியை எழுத்துக் கூட்டிப் படிக்க அவனுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. மகளின் நலத்தைக் கேட்டுவிட்டு, முற்றத்துப் பலா இவ்வாண்டு காய்த்ததா என்று கேட்டிருந்தார்கள். தம்பி எழுந்து சென்று முற்றத்துப் பலாவைப் பார்த்துவிட்டு வந்தான்.

வீடு விலைபோகும், பலாவும் அதோடு போகும். அந்தக் கேள்வியைப் படிக்கும் கண் போகாமல் காப்பது நம் கையில் இருக்கிறது. இந்த விடுமுறையில் என்னுடன் வருபவர் யார்?