எடைக்குப் பணம், கூலிக்கு வெட்டு

தூய்மைப் பணியை ஒப்பந்தத்துக்கு விடும்போதெல்லாம் இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன: செலவு குறையும், நிர்வாகம் சீராகும். சென்னை இதைக் கால் நூற்றாண்டாகக் கேட்டுவருகிறது. 2000இல் ஓனிக்ஸ் வந்தது. 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா வந்தது. 2020இல் அர்பேசர் சுமீத் வந்தது. நிறுவனங்கள் மாறின. துடைப்பம் பிடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றும் இன்றும் தலித்துகள்தான்.

முதலில் செலவைப் பார்ப்போம். ஆரம்ப கால ஒப்பந்தங்களில் அள்ளிய குப்பையின் எடைக்குத்தான் பணம்; டன்னுக்கு இவ்வளவு என்று கணக்கு. அப்படியானால் ஒப்பந்ததாரருக்கு எது லாபம்? குப்பை குறைவதா, கூடுவதா? ஈரக் குப்பையும் கட்டட இடிபாடும் கலந்து வந்தால் எடை ஏறும், பில்லும் ஏறும். மட்கும் குப்பையை வாசலிலேயே பிரித்து உரமாக்கினால் லாரியின் எடை இறங்கும், வருமானமும் இறங்கும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தரம் பிரிக்கச் சொல்லின. எடைக்குப் பணம் தரும் ஒப்பந்தமோ பிரிக்காதே என்கிறது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் குவிந்த மலைகளை இப்போது தோண்டிப் பிரித்து அகற்றுகிறார்கள். கொண்டுபோய்க் கொட்டவும் மக்கள் பணம், கொட்டியதை அள்ளவும் மக்கள் பணம். இதற்குப் பெயர் சிக்கனமா?

2020 ஒப்பந்தத்தில் எடைக்குப் பதிலாகச் செயல்திறன் குறியீடுகள் வந்தன. தெரு சுத்தமாக இருக்கிறதா, தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பார்த்துப் பணம் தருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தெருவைக் கூட்டியவருக்குக் கையுறை கிடைத்ததா, கழிப்பறை இருந்ததா, வார விடுப்பு கொடுத்தார்களா என்பதை யார் அளப்பது? இதைக் கேட்டால் மாநகராட்சி நிறுவனத்தைக் கை காட்டும், நிறுவனம் மேற்பார்வையாளரைக் கை காட்டும். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் எவ்வளவு குப்பை சேரும், எந்த வீடு பிரித்துத் தரும் என்பதெல்லாம் தொழிலாளிக்குத் தெரியும். ஒப்பந்தம் எழுதும் அறையில் அவருக்கு நாற்காலி கிடையாது. அறிவு ஒரு பக்கம், அதிகாரம் இன்னொரு பக்கம். இதைச் சாதிச் சமூகம் நமக்குப் பழக்கப்படுத்தியிருக்கிறது. அதனால்தான் இது நிர்வாகக் கோளாறாகக்கூட நம் கண்ணில் படுவதில்லை.

அப்படியானால் மிச்சம் எங்கிருந்து வருகிறது? கூலியிலிருந்து. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு பதின்மூன்று நாள் அமர்ந்தது இதற்காகத்தான். மாதம் சுமார் 23,000 ரூபாயாக இருந்த சம்பளம் தனியாருக்குப் போனால் சுமார் 16,000 ஆகிவிடும் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். நிரந்தரப் பணி கேட்டார்கள். நள்ளிரவில் காவல்துறை வந்து அப்புறப்படுத்தியது. மறுநாள் காலைச் சிற்றுண்டித் திட்டம் அறிவிக்கப்பட்டது. உரிமை கேட்டவர்களுக்குக் கிடைத்தது சலுகை.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளில் ஒப்பந்த முறையைத் தடை செய்ய 1970ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்தது. தடை செய்தாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்கிறது. ஆனால் எவையெல்லாம் மையப் பணி ஆகாது என்ற பட்டியலில் முதலில் நிற்பதே துப்புரவுதான். ஒரு நிறுவனம் அந்த வேலைக்காகவே அமைக்கப்பட்டிருந்தால் மட்டும் விலக்கு. குப்பை அள்ளுவது மாநகராட்சியின் மையப் பணி இல்லையென்றால் வேறு எது?

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. ஒப்பந்தத்தின் முழுச் செலவையும், அதில் தொழிலாளியின் கைக்குப் போகும் பங்கையும் மாமன்றத்தில் வையுங்கள். நேரடிப் பணி நியமனத்தின் செலவோடு அதை ஒப்பிடுங்கள். குறைந்த குப்பைக்கும் பிரித்த குப்பைக்கும் பரிசு தாருங்கள். அந்தப் பரிசு பிரித்தவர் கைக்குப் போகட்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையைச் செய்பவரை நிரந்தரமாக்குங்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே மக்களிடம் ஒரு வேலையைத் தள்ளத் தெரிந்த நமக்கு, அதை நிரந்தர வேலை என்று ஒப்புக்கொள்வதில் என்ன தயக்கம்?