இயங்கலை வகுப்புக்கு ஆசிரியர் மட்டும் போதாது, பக்கத்துல ஒரு அண்ணனோ அக்காவோ வேணும்



விடுமுறை நெருங்கினாலே கோயில் புலனக் குழுவில் ஒரே கேள்விதான் சுத்திச் சுத்தி வருது. "இந்தத் தடவை நாலாம் படிவம், அஞ்சாம் படிவம் பிள்ளைங்களுக்கு இயங்கலை வகுப்பு இருக்கா? யார் ஆசிரியர்? எத்தனை பாடம்?" பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா தொண்டூழியர்களாகிய நாங்க இன்னொரு கேள்வியையும் உங்க முன்னால வைக்க விரும்புறோம். வகுப்பு நடக்கும்போது அந்தப் பிள்ளைக்குத் துணையா யார் இருக்கப் போறாங்க?

எங்க கருத்தை முதல்லயே சொல்லிடுறோம். பாடம் இன்னைக்கு எங்கேயும் கிடைக்குது, யூடியூப்பைத் திறந்தா கொட்டிக் கிடக்கு. நம்ம பிள்ளைங்களுக்குக் கிடைக்காதது, அதே தேர்வை எழுதி, அதே விண்ணப்பத்தை நிரப்பி, இப்ப பல்கலைக்கழகத்துல உட்கார்ந்திருக்கிற, ரெண்டு மூணு வயசு மூத்த ஒரு அண்ணனோ அக்காவோ. கோயில் கல்விக்குச் செலவு பண்ணப் போகுதுன்னா, முதல் வெள்ளி அங்கதான் போகணும்.

ஏன் இப்படிச் சொல்றோம்? 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு நம்ம எல்லார் வீட்டுலயும் நடந்ததை நினைச்சுப் பாருங்க. அந்த வருஷத்து எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப் போச்சு. சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுத இணைய வசதி கிடைக்காம மரத்து மேல ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. அதுக்குப் பிறகு கோயில்களும் இயக்கங்களும் மடிக்கணினி கொடுத்தாங்க, டேட்டா போட்டுக் கொடுத்தாங்க. நல்ல காரியம். ஆனா கருவி வந்த பிறகும் ஒரு விஷயம் மாறலை. முதல் வாரம் திரை நிறைய முகம் தெரியும். ரெண்டாவது வாரம் பாதி பேர் கேமராவை அணைச்சிடுவாங்க. மூணாவது வாரம் பேர் மட்டும் இருக்கும், ஆள் இருக்காது. வகுப்பு நடத்தின யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க.

இது நம்ம பிள்ளைங்களோட சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்தின இலவச இயங்கலைப் பாடங்களை ஆராய்ஞ்சு 2019ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பதிவு செஞ்சவங்கள்ல கடைசிவரை முடிச்சவங்க 100க்கு 3 பேர் அளவுதான்! உலகத்துலயே பேர் பெற்ற ஆசிரியர்கள், எல்லாம் இலவசம், அப்படியும் இந்த நிலை.

அடுத்த வருஷமே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வேற மாதிரி செஞ்சு பார்த்தது. 'கோட் இன் பிளேஸ்' என்று ஒரு இலவச நிரலாக்க வகுப்பு. சுமார் 10,000 பேர் படிக்க வந்தாங்க. அவங்களை அப்படியே காணொளி முன்னால உட்கார வைக்கலை. 900 தொண்டூழியர்களைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஒரு சின்னக் குழுவைக் கொடுத்தாங்க. வாரா வாரம் அந்தக் குழு சந்திக்கும். பாடம் நடத்துறவங்க ஓரிருவர், கூட இருக்கிறவங்க நூற்றுக்கணக்கானவங்க. அந்த ஏற்பாடு பிடிச்சுப்போய் அதுக்குப் பிறகும் திரும்பத் திரும்ப நடத்துறாங்க.

அவ்வளவு தூரம் கூட போக வேண்டாம். 1969ல் தொடங்கின நம்ம பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம் 1971லேயே தொலைதூரக் கல்வியைக் கொண்டு வந்துடுச்சு. அஞ்சலில் பாடம் போன காலம் அது. வேலை பார்த்துக்கிட்டே படிச்ச பெரியவங்களைக்கூட அவங்க தனியா விட்டுடலை. வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் வளாகத்துக்கு வரவழைச்சு தீவிர வகுப்பு நடத்தினாங்க. தூரத்துல இருந்து படிக்கிறவனுக்கும் மனுஷ முகம் வேணும்னு இந்தத் தீவுல 50 வருஷத்துக்கு முன்னாலேயே தெரிஞ்சிருந்தது.

நம்ம சமூகத்துக்கும் இது புதுசு இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துல சட்டாம்பிள்ளைன்னு ஒருத்தர் இருந்ததைப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. வாத்தியார் ஒருத்தர், பிள்ளைங்க பல வயசு. மூத்த மாணவன் இளையவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பான், மணல்ல விரல் பிடிச்சு எழுத வைப்பான். 1789ல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம்ம பிள்ளைங்க மணல்ல எழுதிப் படிக்கிறதைப் பார்த்து, மாணவரே மாணவருக்குக் கற்றுக்கொடுக்கும் முறையைத் தன் இல்லத்துல நடத்திப் பார்த்தார். 1797ல் லண்டன்ல அதைப் பத்தி நூலும் வெளியிட்டார். பிறகு இங்கிலாந்துப் பள்ளிகள்ல அது 'மெட்ராஸ் முறை' என்ற பேரிலேயே பரவுச்சு. நம்ம திண்ணையில இருந்து போனதை நாமே மறந்துட்டோம்.

முழுசா மறக்கலை, அதையும் சொல்லணும். 1982ல் டான்ஸ்ரீ டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கின ஸ்ரீ முருகன் கல்வி நிலையம் நாற்பது வருஷத்துக்கும் மேலா நாடு முழுக்கச் செய்றது இதைத்தான். அங்க வகுப்பெடுக்கிறவங்கள்ல பலர் பல்கலைக்கழக மாணவர்கள், பட்டதாரிகள். அதுலயும் நிறைய பேர் அதே நிலையத்துல படிச்சு மேல போனவங்க. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கிறாங்க. பத்துமலைக்குக் கல்வி யாத்திரை போறது அவங்க வழக்கம். சமயமும் படிப்பும் ரெண்டு தனித்தனி வேலை இல்லைன்னு காட்டினது அந்த இயக்கம். இலங்கையில மொறட்டுவைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களும் உயர்தரப் பரீட்சை எழுதப் போற தம்பி தங்கைகளுக்கு முன்னோடிப் பரீட்சை நடத்திக் கொடுக்கிறாங்க. அங்கேயும் முன்னால போனவங்கதான் பின்னால வர்றவங்களுக்குக் கை கொடுக்கிறாங்க.

அப்போ இந்த அண்ணன், அக்கா என்னதான் செய்வாங்க? சின்னச் சின்ன வேலைதான். வகுப்பு தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது, "தம்பி, வந்துடு"ன்னு ஒரு செய்தி போடுவாங்க. கேமரா அணைஞ்சா மறுநாள் என்ன ஆச்சுன்னு விசாரிப்பாங்க. தமிழ்ப்பள்ளியில ஆறாம் ஆண்டு முடிச்ச பிள்ளை, இடைநிலைப்பள்ளியில மலாய்மொழியில வரலாறு படிக்கும்போது எந்த இடத்துல தடுக்கி விழும்னு அவங்களுக்குத் தெரியும், ஏன்னா அவங்களும் அங்கதான் விழுந்தாங்க. எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியோட வரலாறும் தேறியே ஆகணும்னு 2013ல் இருந்து விதி. மத்த பாடத்துல ஏ எடுத்துட்டு இந்த ஒரு பாடத்துல தவறினா சான்றிதழே இல்லை. இதை வாத்தியார் சொன்னா அறிவுரை மாதிரி இருக்கும். அக்கா சொன்னா காதுல ஏறும்.

அதைவிடப் பெரிய உதவி தேர்வுக்குப் பிறகுதான். எஸ்.டி.பி.எம்.மா, மெட்ரிகுலேஷனா, போலிடெக்னிக்கா, ஆசிரியர் பயிற்சியா? யூபியூ விண்ணப்பத்துல எந்தப் படிப்பை முதல்ல போடணும்? 90 விழுக்காடு தேர்வு மதிப்பெண், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைன்னு தகுதிப் புள்ளி கணக்குப் போடுறாங்களே, சீருடை இயக்கத்துக்குப் போன சான்றிதழ் எங்க இருக்கு? அப்பா லாரி ஓட்டுறாரு, அம்மா தொழிற்சாலையில ஷிப்ட் வேலை. பாசத்துக்கு அந்த வீட்டுல குறையே இல்லை. ஆனா இந்தக் கேள்விக்கு அந்த வீட்டுல பதில் சொல்ல ஆள் இல்லை. நல்ல தேர்ச்சி எடுத்தும் விண்ணப்பத் தேதி கடந்துபோனது தெரியாம ஒரு வருஷம் வீணாப்போன பிள்ளைங்களை நம்ம எல்லாருக்கும் தெரியும். உறவுக்காரங்க வட்டத்துல தேடினா ஒருத்தராவது இருப்பாங்க. போன வருஷம் இதே படிவத்தை நிரப்பின ஒரு அண்ணன் பக்கத்துல இருந்தா பத்து நிமிஷ வேலை.

தைப்பூசத்துல தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்துப் போறவரை நினைச்சுப் பாருங்க. காவடி அவர் தோள்லதான். ஆனா கூடவே நாலு பேர் நடப்பாங்க. ஒருத்தர் தண்ணி கொடுப்பார், ஒருத்தர் முக்காலி தூக்கிட்டு வருவார், மத்தவங்க "வேல் வேல்" சொல்லி வேகம் கொடுப்பாங்க. அவங்க யாரும் காவடியைச் சுமக்கலை. அவங்க இல்லாம அந்த 513 படியை ஏறிட முடியுமான்னு காவடி எடுத்தவங்களைக் கேளுங்க.

சிலர் கேட்கிறதும் நியாயம்தான். "பல்கலைக்கழகப் பிள்ளைங்களுக்கு அவங்க படிப்பே பெரும்பாடு, இதுக்கு எங்க நேரம்?" அதனாலதான் ஆளுக்கு அஞ்சு பிள்ளைங்களுக்கு மேல கொடுக்கக் கூடாது, ஆறு வாரத்துக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு சொல்றோம். இன்னொண்ணு, சொல்லிக் கொடுக்கிறவனுக்குத்தான் பாடம் ரெண்டு மடங்கு புரியும். நாளைக்கு வேலைக்கு நேர்காணல் போகும்போது, அஞ்சு பிள்ளைங்களைக் கரை சேர்த்த அனுபவம் அவங்களுக்கும் பேசும்.

"இது பள்ளிக்கூடத்து வேலை, கோயிலுக்கு எதுக்கு?"ன்னும் கேட்கிறாங்க. பாடம் நடத்துறது பள்ளிக்கூடத்து வேலைதான், அதை நாம எடுத்துக்கலை. ஆனா ஐந்தாம் படிவத்துப் பிள்ளையையும், பல்கலைக்கழகத்துல படிக்கிற பிள்ளையையும், ரெண்டு பேரோட அப்பா அம்மாவையும் ஒரே இடத்துல பார்க்கிற இடம் நம்ம ஊர்ல எது? வெள்ளிக்கிழமை சாயந்தரம் கோயில்தானே. பினாங்கு இந்து அறப்பணி வாரியம் கல்வி உதவி கொடுக்குது, பல ஆலயங்களும் நல்ல தேர்ச்சி பெற்றவங்களுக்குப் பொன்னாடை போர்த்திப் பரிசு கொடுக்குது. அது கரையேறினவங்களுக்குக் கொடுக்கிற மரியாதை. நாங்க கேட்கிறது தண்ணியில இருக்கிற பிள்ளைக்கு ஒரு கை.

பாதுகாப்பைப் பத்திப் பெற்றோர் கவலைப்படுறது ரொம்பச் சரி. பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைங்க விஷயம். இணையத்தின் வழியா பிள்ளைங்களைப் பழக்கிக் கெடுக்கிறதைக் குற்றமாக்கி 2017ல் தனிச் சட்டமே வந்திருக்கு. அதனால விதிமுறை கறாரா இருக்கணும். தனிப்பட்ட புலனச் செய்தி கிடையாது. எல்லாம் குழுவில், அந்தக் குழுவில் பெற்றோர் ஒருத்தரும் கோயில் பொறுப்பாளர் ஒருத்தரும் இருக்கணும். இரவு பத்து மணிக்கு மேல பேச்சு இல்லை. நேர்ல சந்திப்புன்னா கோயில் மண்டபத்துல, எல்லார் கண் முன்னாலயும். வீட்டுப் பிரச்சினை, மனக்கஷ்டம்னு பிள்ளை ஏதாவது சொன்னா, வழிகாட்டி தானே தீர்க்கப் போகக் கூடாது. பொறுப்பாளர்கிட்டயும் பள்ளி ஆலோசகர்கிட்டயும் கொண்டு போகணும். 15999 என்ற அரசாங்க உதவி எண்ணை எல்லாரும் தெரிஞ்சு வச்சிருக்கணும்.

செலவுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 40 பிள்ளைங்கன்னா 8 வழிகாட்டிகள். பஸ், டேட்டா, சாப்பாடுன்னு ஒருத்தருக்கு வாரம் 30 வெள்ளி வச்சுக்குவோம். ஆறு வாரத்துக்கு ஒருத்தருக்கு 180 வெள்ளி, எட்டு பேருக்கும் சேர்த்து 1,440 வெள்ளி. ஒரு திருவிழா நாளோட பூ அலங்காரச் செலவை மனசுல வச்சு இந்தத் தொகையைப் பாருங்க. அலங்காரம் வேண்டாம்னு சொல்ல வரலை, அது நம்ம கண்ணுக்கும் மனசுக்கும் வேணும். அன்னதானத்துக்கு உபயம் எடுக்கிறோம், அபிஷேகத்துக்கு உபயம் எடுக்கிறோம். கல்விக்கும் ஒரு உபயம் இருக்கட்டுமே. ஒரு குடும்பம் 180 வெள்ளி கொடுத்தா ஒரு அண்ணனோ அக்காவோ அஞ்சு பிள்ளைங்களோட ஆறு வாரம் நடக்க முடியும்.

ஆலய நிர்வாகத்தினர்கிட்ட பணிவோட மூணு விஷயம் கேட்கிறோம். ஒண்ணு, விடுமுறை வகுப்பு அறிவிக்கும்போது ஆசிரியர் பேரோட வழிகாட்டிகளையும் சேர்த்து அறிவியுங்க. ரெண்டு, வாரத்துல ரெண்டு நாள் சாயந்தரம் மண்டபத்தையும் கோயில் இணையத்தையும் பிள்ளைங்களுக்குத் திறந்து விடுங்க, வீட்டுல இடமில்லாதவங்க அங்க உட்கார்ந்து படிக்கட்டும். மூணு, அன்னதானக் கூடத்துல உழைக்கிறவங்களுக்குக் கொடுக்கிற அதே மரியாதையை இந்த இளைஞர்களுக்கும் கொடுங்க. அவங்க செய்றதும் திருத்தொண்டுதான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை வகுப்புல சேர்த்ததோட நம்ம கடமை முடிஞ்சதுன்னு இருக்காதீங்க. வழிகாட்டி யாருன்னு கேளுங்க, அவங்க வீட்டுப் பெரியவங்களோட ரெண்டு வார்த்தை பேசுங்க. குழுவில் இருங்க.

பல்கலைக்கழகத்துல படிக்கிற தம்பி தங்கைகளே, விடுமுறைக்கு ஊருக்கு வர்றீங்க. உங்களுக்கு அன்னைக்கு யாராவது ஒருத்தர் வழி சொல்லியிருப்பாங்க. யாருமே சொல்லலைன்னா, அந்தக் கஷ்டம் எப்படி இருந்துச்சுன்னு உங்களைவிட வேற யாருக்குத் தெரியும்? ஆறு வாரம், அஞ்சு பிள்ளைங்க. வர்ற வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் உங்க வட்டாரக் கோயில் அலுவலகத்துல பேர் கொடுத்துட்டுப் போங்க.

வேலும் மயிலும் துணை.